காலையில் நின்று மதியம் ஓடிய மெஷின்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மெஷின் மறுபடியும் நின்றுபோயிருந்தது. முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் ஒன்றாக மினுக்கின. பக்கீர் முஹம்மது பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் முன்னால் குந்தியிருந்தார். மருமகள் ஷமீமா மெஷினோடு வந்த புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். பாயின் மனைவி மரியம் பீவி மட்டும் ஆப்பச் சட்டியை விட்டுத் திரும்பவேயில்லை.

“எத்தினி வாட்டி மினுக்குதுன்னு எண்ணுங்க மாமா. மூணுன்னா தண்ணி வரலைன்னு அர்த்தம். அஞ்சுன்னா கம்பெனி ஆளைக் கூப்பிடுன்னு போட்டிருக்குது.”

“அஞ்சுதான். கம்பெனி ஆளு எங்க இருக்கானாம்?”

ஷமீமா கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். “ஷார்ஜாவுல.”

பாத்திரம் தேய்க்க வந்த அஞ்சம்மாள் பின்வாசலில் செருப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

“இன்னா பாய், நாடி இருக்குதா?”

“ஒன் வேலையைப் பாரும்மா.”

“என் வேலையை இது பாக்கும்னுதானே கொண்டாந்து வச்சீங்க? இது படுத்துட்டா நான் பாக்கணும். அதான் கேட்டேன்.”

மகன் முஜீப் ரஹ்மான் ஷார்ஜாவிலிருந்து கார்கோவில் அனுப்பிய பாத்திரம் கழுவும் மெஷின் அது. 2005-ஆம் வருஷத்தில் மரக்காணத்திலேயே வேறு யார் வீட்டிலும் அது இல்லை என்பது பாயின் பேச்சு. இருந்திருந்தாலும் அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். கூடத்து நாற்காலியில் உட்காருகிற யார் கண்ணிலும் படட்டும் என்று சமையலறை வாசலை ஒட்டி நிறுத்தி வைத்திருந்தார். தண்ணீர்க் குழாய் அதற்காகப் பாதி வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது.

இத்தனை மரியாதைக்கு அது என்ன கழுவியது? பிரியாணி தேக்சா அதற்குள் நுழையாது. ஆப்பச் சட்டி ஆகாது. ஈயம் பூசிய பாத்திரம் கூடவே கூடாது. மீன்குழம்புச் சட்டியை ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் விருந்தாளிக்குக் கொடுத்த சர்பத் டம்ளரில் கவுச்சி அடித்தது. ஆக மிச்சம், பீங்கான் தட்டும் கண்ணாடி டம்ளரும். அதையும் அஞ்சம்மாள் ஒரு முறை அலசிக் கொடுத்த பிறகுதான் உள்ளே அடுக்குவார்கள். “கழுவுனதைக் கழுவறதுக்கு ஒரு மெஷின் வாங்கியிருக்காங்க” என்று அவள் தான் வேலை செய்யும் நாலு வீட்டிலும் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் பின்னால் அவள் கழுத்தைப் பிடித்தது.

மெஷினுக்கு உப்பும் போட வேண்டும். கடினத் தண்ணீரால் டம்ளரில் வெள்ளை படியாமல் இருக்க, அடித்தட்டில் ஒரு குழி வைத்து, அதில் உப்பு நிரப்பச் சொல்லியிருந்தான் கம்பெனிக்காரன். முஜீப் அதற்கென்றே ஒரு பாக்கெட் உப்பும் சேர்த்து அனுப்பியிருந்தான். அதைப் பார்த்து பாய் சிரித்த சிரிப்பு பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

“உப்பைப் பாக்கெட்டுல போட்டு எனக்கு அனுப்புறான் பாரு! எங்க வாப்பா காலத்துல இருந்து லாரி லாரியா உப்பு ஏத்துற வீடு இது!”

அந்தப் பாக்கெட் பிரிக்கப்படாமல் ஷோகேஸுக்குப் போனது. உப்பு போடும் வேலையைப் பாய் தன் கையில் எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வரும்போது தன் உப்பளத்திலிருந்து ஒரு வாளி உப்பு, அதுவும் அன்றன்றைக்கு வாரின உப்பாகப் பார்த்து எடுத்து வருவார். கதவைத் திறந்துபோட்டு, கையாலேயே அள்ளி அள்ளிப் போடுவார். குழியில் விழுந்தது பாதி, கதவில் சிதறியது பாதி. உப்பு போடவென்று மெஷினோடு வந்த புனல், மரியம் பீவியின் மண்ணெண்ணெய் டின்னோடு எப்போதோ சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு மூன்றாவது சனிக்கிழமை. முதல் இரண்டு தடவையும் பாண்டியிலிருந்து மெக்கானிக் தெய்வசிகாமணி வந்து பார்த்தார். பதினொன்றரை மணி பஸ்ஸில் இறங்கி, வெயிலில் நடந்து வந்து பொத்தானை அழுத்தினால், மெஷின் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடியது.

“ஓடுதே பாய்.”

“காலையில ஓடலைங்க.”

“ஓடுற மெஷினுக்கு நான் இன்னாங்க பண்றது?”

ஆனாலும் வந்த ஆள் ஒன்றும் சொல்லாமல் போனால் கௌரவம் என்ன ஆவது? முதல் தடவை, “கரண்டு சரியில்ல, ஸ்டெபிலைசர் போடுங்க” என்றார். போட்டார்கள். இரண்டாவது தடவை, கதவைப் பிரித்து உள்ளேயிருந்த பச்சைப் பலகையைக் கழற்றி, “போர்டு போயிடுச்சி” என்று துக்கம் சொல்வதுபோல் சொல்லி, பாண்டிக்கு எடுத்துப்போய் நாலு நாள் கழித்துக் கொண்டுவந்து மாட்டினார். எதைச் செய்தாலும் செய்துகொண்டே, “குயிலாப்பாளையத்துல வெள்ளைக்காரங்க வீட்டு மெஷின் அத்தினியும் நம்ம கைதான்” என்பார்.

அதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் அஞ்சம்மாள், “அதான் அவங்கெல்லாம் கையால கழுவறாங்களா?” என்று கேட்டிருந்தாள். தெய்வசிகாமணி அதை மறக்கவில்லை.

இந்த மூன்றாவது சனிக்கிழமை பாய் போனில் போட்ட சத்தத்தில், அவர் முதல் பஸ் பிடித்து எட்டரை மணிக்கே வந்து சேர்ந்தார். விளக்குகள் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தன. மீட்டரை வைத்து அங்கே தொட்டார், இங்கே தொட்டார். கடைசியில் தரையில் படுத்து, மெஷினின் அடியில் கைவிட்டு எடுத்தார். விரல் நனைந்திருந்தது.

“தண்ணி!” என்று எழுந்து உட்கார்ந்து, விரலைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். “பாத்தீங்களா? குழாய் காஞ்சி கெடக்குது. ட்யூப்ல ஒழுக்கு இல்ல. அடியில மட்டும் ஈரம். இது தானா வந்த தண்ணி இல்ல பாய். யாரோ ஊத்தியிருக்காங்க.”

“யாரு ஊத்துவா?”

“அது எனக்கு எப்பிடித் தெரியும்? இந்த வீட்டுல தண்ணியும் கையுமா நிக்கிறது யாரு?”

எல்லோர் கண்ணும் பின்வாசலுக்குப் போனது. அஞ்சம்மாளின் கையில் அப்போது ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. பாத்திரம் தேய்க்கிறவள் கையில் வேறு என்ன இருக்கும்?

“கழுவுனதைக் கழுவ ஒரு மெஷின்னு தெருவெல்லாம் சொன்னியாமே,” என்றார் பாய்.

“சொன்னேன். இப்பவும் சொல்றேன்.”

“இது வந்தா ஒன் பொழப்பு போயிடும்னு பயந்து பண்ணியா?”

“எது பாய்? தேக்சா உள்ள போகாத மெஷினைப் பாத்தா நான் பயந்தேன்?”

“வாய் பேசாத.”

“தண்ணி ஊத்தணும்னா நேரா மேல ஊத்தியிருப்பேன் பாய். படுத்து அடியில கைவிட்டு ஊத்த எனக்கு இன்னா, இடுப்புவலி இல்லையா?”

மரியம் பீவி அடுப்பிலிருந்து திரும்பினாள். “என்னங்க, எட்டு வருஷமா வர்ற பொண்ணு அது.”

“நீ சும்மா இரு. நாளையில இருந்து வர வேணாம் அஞ்சம்மா. மெஷின் சரியாவுதா இல்லையான்னு பாப்போம். அப்பத் தெரிஞ்சிடும்.”

அஞ்சம்மாள் வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

அது அந்த ஒரு வீட்டோடு நிற்கவில்லை. மறுநாள் அடுத்த தெரு மங்கம்மா வீட்டில் கதவு பாதிதான் திறந்தது.

“கோச்சிக்காத அஞ்சம்மா. எங்க வீட்டுலயும் மிக்ஸி, கிரைண்டரு, வாஷிங் மெஷினெல்லாம் இருக்குது பாரு…”

“அதுக்கு?”

“இல்ல, ஒரு மாசம் போவட்டும்.”

“உங்க மிக்ஸி ஜாரு உடைஞ்சி ரெண்டு வருஷமா பொட்டுக்கடலை போட்டு வச்சிருக்கீங்க. அதுலயா நான் தண்ணி ஊத்தப் போறேன்?”

கதவு சாத்திக்கொண்டது. புதன்கிழமைக்குள் மற்ற இரண்டு வீட்டிலும் அதே பேச்சு. டிசம்பர் அலையில் படகு போன பிறகு, எக்கியார்குப்பத்தில் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது இந்த நாலு வீட்டை நம்பித்தான். கடலுக்குக் கூலிக்குப் போய் வரும் புருஷன் அரசப்பனுக்கு அவள் சொன்னது பாதி, குப்பத்தில் கேள்விப்பட்டது பாதி.

“போயி மன்னிப்புக் கேட்டுடு. பெரிய எடம்.”

“எதுக்கு மன்னிப்பு?”

“எதுக்குன்னா… அவரு எதுக்குன்னு நெனைக்கிறாரோ, அதுக்கு.”

“நல்லாயிருக்குதே! நீ போயிக் கேளு. கடல்கிட்டயும் கேளு, எங்க படகு உன் மேல இடிச்சதுக்கு மன்னிச்சிக்கோன்னு.”

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கருவாட்டுக் கூடையைத் திறந்த அரசப்பன் சத்தம் போட்டான்.

“யாருடீ இதுல தண்ணி ஊத்துனது? எல்லாம் சொதசொதன்னு இருக்குது!”

“யாரும் ஊத்தல. புது உப்பு போட்டேன். அளத்துல வாரி நாலு நாள்கூட ஆவல. கசப்பு வடியாத உப்பு ராத்திரிக் காத்துலயே தண்ணி குடிச்சிக்கும். வெயில் ஏறினா தானா காஞ்சி…”

அவள் வாய் அப்படியே நின்றுபோனது.

“இன்னா?”

“மதியம் காஞ்சிடும்,” என்றாள் அஞ்சம்மாள். கூடையை மூடினாள். “அந்தப் பாண்டிக்காரன் மதியம்தான் வருவான்.”

“எந்தப் பாண்டிக்காரன்?”

“வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து உப்பு போடறாரு. சனிக்கிழமை காலையில நிக்குது. மதியம் ஓடுது. ஏய்யா, ஒரு ஊரு முழுக்க உப்பு விக்கிற மனுஷனுக்கு இது தெரியாதா?”

“தெரியும். மெஷின்ல போட்டா தெரியாது,” என்றான் அரசப்பன்.

மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு அவள் பாய் வீட்டுப் பின்வாசலில் நின்றாள். உள்ளே தெய்வசிகாமணி பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னா பாய், காலையில நின்னுபோச்சா?” என்றாள்.

ஷமீமாதான் சொன்னாள். “நின்னுதான் போச்சு அக்கா. அஞ்சு வாட்டி மினுக்கு.”

“ஒரு வாரமா நான் இந்தப் பக்கமே வரல. யாரு ஊத்துனது?”

“நீ முன்னாடி ஊத்துனது இப்ப வேலை செய்யுது,” என்றார் பாய்.

“அடேங்கப்பா! நான் ஊத்துற தண்ணிக்கு அவ்ளோ வீரியம் இருந்தா, உங்க அளத்துக்கே என்னை வேலைக்கு வச்சிக்கலாம்.”

மரியம் பீவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“சாரு,” என்று அஞ்சம்மாள் மெக்கானிக் பக்கம் திரும்பினாள். “மேல இருக்கற கதவை நாலு வாட்டி பிரிச்சீங்க. அடியில ஒரு தகடு இருக்குதே, அதை ஏன் பிரிக்கல?”

“அதுல ஒண்ணும் இருக்காதும்மா. வெறும் மூடி.”

“இல்ல, ஸ்க்ரூ வரலையா?”

தெய்வசிகாமணி பெட்டிக்குள் எதையோ தேடினார்.

“அந்த ஸ்க்ரூவைப் பாருங்க பாய். மெஷின்ல எத்தினி ஸ்க்ரூ இருக்குது? அத்தினியும் வெள்ளி மாதிரி மின்னுது. கீழ இருக்கற ரெண்டு மட்டும் செவசெவன்னு துரு ஏறியிருக்குது. வெறும் தண்ணிக்கு ரெண்டு மாசத்துல இப்பிடியா துரு பிடிக்கும்?”

பாய் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மெக்கானிக்கைப் பார்த்தார். “கழட்டுய்யா.”

“சுத்த மாட்டேங்குது பாய்.”

“எண்ணெய் விட்டுச் சுத்து. இதைக்கூட நான் சொல்லணுமா ஒனக்கு?”

ஷமீமா தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்தாள். தெய்வசிகாமணி மெஷினை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஸ்க்ரூவோடு கால்மணி நேரம் மல்லுக்கு நின்றார். தகடு கழன்று விழுந்ததும் எல்லோரும் குனிந்தார்கள். கதவின் இடுக்குக்கு நேர் கீழே ஒயர்கள் ஒன்றாகச் சேருகிற இடத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு படலம் பூத்திருந்தது. செப்புக் கம்பி பச்சை ஏறிக் கிடந்தது.

தெய்வசிகாமணி ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “சோப்புப் பவுடர். மெஷின்ல போடறீங்க இல்ல, அது கசிஞ்சி எறங்கியிருக்குது. இது கம்பெனி ஃபால்ட்டு பாய்.”

“போன வாரம் தண்ணி. இந்த வாரம் சோப்பா?” என்றாள் அஞ்சம்மாள். “நாக்குல வச்சிப் பாருங்க.”

“சீ! இதையெல்லாம் யாராவது வாயில வப்பாங்களா?”

“மீட்டரு வச்சிப் பாத்தீங்க, தெரியல. நாக்கு வச்சிப் பாருங்க.”

“சோப்புதாம்மா. கண்ணாலயே தெரியுது, சோப்பு…”

அங்கேதான் பாயால் தாங்க முடியவில்லை. தன் வீட்டில், தன் கண்ணெதிரில், ஒரு பாண்டிக்காரன் அந்தப் பொருளைப் பார்த்து சோப்பு சோப்பு என்கிறான்! லாரி நிற்க நிற்க ஒரு கல் உப்பை நாக்கில் வைத்து எந்தப் பாத்தி, எந்த வாரம் என்று சொல்லித்தான் அவர் இத்தனை வருஷம் வியாபாரம் செய்தார். அதற்காகவே திண்டிவனத்திலிருந்து ஆட்கள் அவரைக் கூட்டிப்போய் உப்பைக் காட்டுவதுண்டு.

“தள்ளுய்யா,” என்றார். அந்த வெள்ளையில் ஒரு சிட்டிகை நகத்தால் சுரண்டி நுனிநாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

“சோப்பாம் சோப்பு. உப்புய்யா இது! அசல் கல்லுப்பு. எங்க வடக்குப் பாத்தி உப்பு. வாரிப் பத்து நாள் ஆவல. அம்பாரம் போட்டு வைக்கல, கசப்பு கொஞ்சங்கூட வடியல. இந்தக் கசப்பு தெற்குப் பாத்தியில வராது. யாரு முன்னாடி வேணும்னாலும் நான் சொல்லுவேன்!”

கண்ணைத் திறந்தார்.

மரியம் பீவிதான் கேட்டாள், மெதுவாக. “வடக்குப் பாத்தி உப்பு இந்த வீட்டுக்குள்ள யாரு கையில வருது?”

பாயின் நாக்கு இன்னும் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“கதவுல செதறுனதைக் கையால வழிச்சி முன்னால தள்ளுவீங்க மாமா,” என்றாள் ஷமீமா. “அந்த இடுக்குல போயிருக்கும். புனல் வச்சிப் போடுன்னு புத்தகத்துல படம் போட்டே காட்டியிருக்கான்.”

“ராத்திரி ஈரக் காத்துல அது தண்ணி விடும். காலையில ஒயரெல்லாம் நனைஞ்சி கெடக்கும்,” என்றாள் அஞ்சம்மாள். “வெயில் ஏறினா காஞ்சிடும். சாரும் பஸ் ஏறி வந்துடுவாரு.”

தெய்வசிகாமணி அவசரமாகத் தலையாட்டினார். “கரெக்டு. ஷார்ட் ஆவுது. நானும் மொதல்லயே அதைத்தான்…”

“நீ ஒண்ணும் சொல்லாத,” என்றார் பாய்.

ஒயர் சேருமிடத்தை வெந்நீர்த் துணியால் துடைத்து, பச்சை ஏறிய கம்பியை வெட்டிப் புதுசு போட்டு, மெக்கானிக் மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார். அவர் செய்ததில் அது ஒன்றுதான் வேலை. பாய் சட்டையை மாட்டிக்கொண்டு அளத்துக்குக் கிளம்பிவிட்டார். அஞ்சம்மாளைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு நடக்கும்போது மங்கம்மா வாசலில் நின்று கைதட்டிக் கூப்பிட்டாள்.

“ஏ அஞ்சம்மா! கேட்டியா சேதி? பாண்டியில இருந்து வந்தவனுக்கே புரியாத ரிப்பேரை, பாய் நாக்குல வச்சே கண்டுபிடிச்சிட்டாராமே! டீக்கடையில ஒரே பேச்சு. உப்பு செஞ்ச வேலையாமே அது.”

“அப்பிடியா? வேற இன்னா சொன்னாரு?”

“வேற என்ன? அந்த மீட்டரைத் தூக்கிப் போடு, மரக்காணத்தான் நாக்கு போதும்னு சொன்னாராம். நீ நாளைக்கு வந்துடு. பாத்திரம் அப்பிடியே கெடக்குது.”

“என் பேரு?”

“உன் பேரு எதுக்கு அதுல?”

மற்ற இரண்டு வீட்டிலிருந்தும் இருட்டுவதற்குள் ஆள் வந்தது. நாலாவது, பாய் வீடு. மரியம் பீவியே சொல்லியனுப்பியிருந்தாள்: திங்கட்கிழமை வரவும், தேக்சா இரண்டு ஊறுகிறது.

“அப்புறம் இன்னா? வேலை வந்துடுச்சி, விடு,” என்றான் அரசப்பன்.

“வேலை வந்துடுச்சி,” என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை பாய் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே உப்பு லாரிக்காரர் கலியன், கையில் தேநீர். கதை பாதியில் இருந்தது. அஞ்சம்மாள் பின்வாசலுக்குப் போகாமல் முன்வாசல் படியருகே வந்து நின்றாள்.

“…சோப்புங்கறான் கலியா! நான் ஒரே ஒரு சிட்டிகை எடுத்து வச்சேன். வடக்குப் பாத்தி! பத்து நாளு! அவன் மூஞ்சியைப் பாக்கணுமே…” பாய் நிமிர்ந்தார். “என்னாம்மா? பின்னால போ. ஷமீமா தட்டெல்லாம் எடுத்து வச்சிருக்கு.”



“போறேன் பாய். கதையில நான் வர்ற எடம் இன்னும் வரல போலக்குது. அதைக் கேட்டுட்டுப் போறேன்.”

கலியன் டம்ளரை இறக்கினார். “இதுல நீ எங்கம்மா வர்ற?”

“பாய் சொல்வாரு.”

சமையலறைப் பக்கமிருந்து மரியம் பீவியின் குரல் வந்தது. “சொல்லுங்களேன். அதுக்கு நேரமாவுது, தேக்சா ஊறுது.”

பாய் தொண்டையைச் செருமினார். தோள் துண்டை எடுத்து மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். “அது… அந்தக் கீழ்த் தகட்டைக் கழட்டச் சொன்னது அஞ்சம்மாதான். நாக்குல வச்சிப் பாக்கச் சொன்னதும் அதுதான்.”

“அட! அப்பிடியா?” என்றார் கலியன்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்குது பாய்,” என்றாள் அஞ்சம்மாள்.

“எதுக்கு முன்னாடி?”

“ஒரு வாரம் முன்னாடி.”

பாய் கலியனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியில் வாசற்படியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அது தண்ணி ஊத்திடுச்சின்னு நான்தான் சொன்னேன். ஊத்தல. உப்பு நான் போட்டது.”

கலியனுக்குப் புரை ஏறியது. தேநீர் மூக்கு வழியாக வந்தது. “ஒன் உப்பேவா பாய்?”

அஞ்சம்மாள் அவர் இருமி முடிக்கும் வரை நிற்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போய், புடவையை இடுப்பில் செருகி, பெரிய தேக்சாவை முதலில் இழுத்துப் போட்டாள்.